யாரோடு போகிறாய் என்று கேட்டேன்

காலை எட்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் வெள்ளிமலை பஸ் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. விருத்தாசலத்திலிருந்து விடியலில் கிளம்பி, உளுந்தூர்பேட்டையில் வண்டி மாறி வந்திருந்தேன். அரையாண்டு விடுமுறை. கல்வராயன் மலையில் அருவி பார்த்துவிட்டு ஓர் இரவு தங்கித் திரும்புவதாகத் திட்டம். பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு ஜன்னலோர இருக்கை பிடித்தேன்.

வண்டி கிளம்பும் நேரத்தில் ஓர் ஆள், ஒரு சிறுமியின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஏறி என் முன் இருக்கையில் உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். அவளுக்குப் பத்துக்குள். பை, தண்ணீர் பாட்டில் எதுவும் இல்லை. மலையில் குளிருமென்று நானே ஸ்வெட்டர் எடுத்து வந்திருந்தேன். அவளோ மெல்லிய வீட்டு கவுனில் இருந்தாள், காலில் செருப்பில்லை. பஸ் ஊரைத் தாண்டும்வரை அந்த ஆள் குனிந்தே இருந்தார். அவளையும் தலை குனிய வைத்திருந்தார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை.

சாலையின் இருபுறமும் கரும்பும் மரவள்ளியும். கச்சிராயபாளையத்தில் காய்கறி மூட்டைகள் ஏறின. நான் வெளியே பார்ப்பதை விட்டுவிட்டு அந்தச் சிறுமியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனிகள் தோலுரிந்து வெளுத்திருந்தன. நாள் முழுக்கச் சோப்புத்தூள் தண்ணீரில் ஊறிய கை அப்படித்தான் இருக்கும். இந்த ஆள் இவளை எங்கோ வேலைக்கு வைக்கக் கொண்டுபோகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

உங்கள் பெண்ணா என்று கேட்டேன். ஆமாம் என்றார். என்ன படிக்கிறாள் என்றேன். மூணாவது என்றார், சற்றுப் பொறுத்து, நாலாவது என்றார். எந்தப் பள்ளி என்று கேட்டதும் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாருங்க? இன்னாத்துக்கு இவ்ளோ கேக்கறீங்க?"

அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. எழுந்து போய்க் கண்டக்டரிடம் மெதுவாகச் சொன்னேன். ஐம்பது வயது மனிதர். அடிவாரத்து செக்போஸ்டில் வண்டி நிற்கும்போது விசாரிக்கலாம் என்றார்.

நான் பள்ளியில் குடிமையியல் எடுப்பவள். கொடியை மதிக்க வேண்டும், பொதுச்சொத்தைக் காக்க வேண்டும் என்று வருடா வருடம் கடமைகளை ஒப்பிக்க வைக்கிறேன். பஸ்ஸில் முன் இருக்கையில் இருக்கும் முன்பின் அறியாத பிள்ளையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஆனாலும் பேசாமல் அருவிக்குப் போக என்னால் முடியாது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கோமுகி அணையைக் கடந்து செக்போஸ்டில் வண்டி நின்றதுமே பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து குறுக்கே நின்றது. இஸ்திரி போட்ட சட்டைக்காரர் ஒருவர் மேலே ஏறி நேராகச் சிறுமியிடம் போனார். "எங்க வூட்டு பொண்ணுங்க இது. காலையிலருந்து தேடிக்கினு இருக்கோம்" என்றார். செல்போனில் ஒரு படத்தையும் காட்டினார். தீபாவளிக்கு எடுத்தது. அவர் குடும்பத்தோடு அவளும் நிற்கிறாள்.

எனக்கு நெஞ்சு லேசானது. நான் நினைத்தது சரி, பிள்ளை தப்பித்துவிட்டாள். பஸ்ஸில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முன் இருக்கைக்காரரை ஒருவர் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்.

படத்தை நான் வாங்கி இன்னொரு முறை பார்த்தேன். எல்லோரும் புதுத்துணியில் இருந்தார்கள். அவள் மட்டும் இதே கவுனில், ஓரத்தில், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு நின்றாள்.

என் சந்தேகம் இப்போது சட்டைக்காரர் பக்கம் திரும்பியது. முன் இருக்கைக்காரர் மேலிருந்ததும் முழுதாகப் போய்விடவில்லை. அப்போதுதான் உறைத்தது: ஒரு மணி நேரமாக நான் எல்லோரையும் கேட்டேன், அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு பேரையும் கீழே இறக்கச் சொன்னேன். சட்டைக்காரர் மறுத்தார். நான் டீச்சர் என்றேன். அதற்காகவோ என்னவோ கண்டக்டர் இருவரையும் இறக்கிவிட்டுப் படியில் நின்றுகொண்டார். சிறுமியின் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோடு போகிறாய் என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் வழியே கீழே நின்ற இருவரையும் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்ட" என்றாள். எந்த அம்மா என்றேன். மலையைக் காட்டினாள். "மாமா இட்டுகினு போவுது."

கீழே நின்ற முன் இருக்கைக்காரர் பெயர் பொன்னன், அவள் தாயின் தம்பி. இப்போது அவரே சொன்னார். படிக்க வைப்பதாகச் சொல்லித்தான் சட்டைக்காரர் வீட்டில் அவளைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். நேற்று பார்க்கப் போனவர், அவள் பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை என்று தெரிந்ததும், காலையில் கடைக்கு வந்தவளை அப்படியே பஸ்ஸில் ஏற்றிவிட்டார். என்னை அந்த வீட்டு ஆள் என்று நினைத்துத்தான் பொய் சொன்னாராம்.

சட்டைக்காரர் பொன்னனிடம் குரலைத் தாழ்த்தினார். "நகை காணோம்னு எழுதிக் குடுப்பேன். நீயும் இந்தப் பொண்ணும் உள்ள போயிடுவீங்க."

கண்டக்டர்தான் பதில் சொன்னார்.

"குடுங்க. ஸ்டேஷன் மேல கரியாலூர்ல இருக்குது. பஸ்ஸு அங்கதான் போவுது. வண்டிய ஓரமா வுட்டுட்டு ஏறுங்க."

அவர் ஏறவில்லை.

மலைப்பாதையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் ஸ்வெட்டரை அவளுக்குப் போட்டுவிட்டேன். கரியாலூர் காவல் நிலையத்தில் பார்த்ததைச் சொன்னேன். தாய்க்கு ஆள் அனுப்பி, அவள் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. வந்தவள் அழவில்லை. மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். பிறகு அந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இந்தம்மா யாரு?" என்று தம்பியிடம் கேட்டாள். அவர் சொன்ன பிறகும் அவள் கண் மாறவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மகளைத் தன் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். டவுனிலிருந்து அன்பாக வந்தவர்களை அவள் ஏற்கெனவே ஒருமுறை நம்பியிருக்கிறாள். எனக்கு வருத்தம் இருந்தது, ஆனால் அவள் செய்ததைத் தப்பென்று சொல்ல முடியவில்லை.

அருவிக்குப் போகவில்லை. மாலை பஸ்ஸிலேயே மலையிறங்கிவிட்டேன். கோமுகி அணையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இந்த வழியாகத் தினமும் எத்தனை பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள், யார் எவரைக் கேட்கிறார்கள் என்று யோசித்தபடி வந்தேன்.

விருத்தாசலத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள். சொந்தக்காரப் பிள்ளை, ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்று அந்த வீட்டம்மா சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். மறுநாள் காலை பால் வாங்க வெளியே வந்தபோது, அவள் ஈரக்கையோடு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

தெருவைக் கடந்து போய், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது.