ராகு காலத்துக்கு முன்னால் கிளம்பிய பை

பாலாற்றில் பல வருஷம் கழித்து இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடியதே, ஆம்பூர் பக்கம் ஜனங்கள் வேலைக்குக்கூடப் போகாமல் பாலத்தில் நின்று பார்த்தார்களே, அதற்கு மறு வருஷம் நடந்தது இது. மாசம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஊரில் மாங்காய் வந்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். நாங்கள் இருந்த இடத்தில் அப்போதுதான் மரங்கள் இலை விட ஆரம்பித்திருந்தன.

நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரியும். மகன் பூட்ஸ் செய்கிற படிப்புப் படித்து இங்கிலாந்தில் ஒரு கம்பெனியில் இருந்தான். லண்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். மருமகளுக்குப் பிரசவம் என்று போனவர்கள், குழந்தை குப்புற விழுந்து தவழுகிற வரைக்கும் ஆறு மாசம் தங்கிவிட்டோம்.

அந்த ஊரில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் எங்களுக்குக் கேட்கும். அவரும் என் வயசுதான், காதில் மிஷின் வைத்திருப்பார், தனி ஆள். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. ஒரு நாள் வாசலில் அவர் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்தபோது நான் சும்மா இருக்க முடியாமல் குனிந்து கட்டை விரலால் தோலை அழுத்திப் பார்த்தேன். நல்ல கன்றுத் தோல். விரலை உயர்த்திக் காட்டினேன். மனுஷன் குழந்தை மாதிரி சிரித்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும், நான் வெளியே வருகிற நேரம் பார்த்துத்தான் பூட்ஸ் துடைப்பார்.

அந்தக் கட்டை விரலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் முப்பது வருஷம், கட்டை விரலால் அழுத்தியும் முகர்ந்தும் தோலைத் தரம் பிரிக்கிற மேசையில் நின்றேன். எதிர்ப்பக்கம் நின்றவர் ஒரு பாய். ஒரே டீயை இரண்டு கிளாஸில் குடித்த சிநேகம். ஒரு நாள் மிஷினில் என் கட்டை விரல் மாட்டி நசுங்கிவிட்டது. பாய்தான் ஈரத்துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தோல் ஏற்றிப்போன லாரியில் வேலூர் வரைக்கும் கூட வந்தார். ஆஸ்பத்திரியில் பேப்பரில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைக்கிற விரல்தான் நசுங்கியிருந்ததே. அவர்தான் எனக்காகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு டாக்டரிடம், "சார், இவன் பேனா இதுதான் சார், பாத்து பண்ணுங்க" என்றாராம். விரல் தப்பியது.

அந்தப் பாய்க்கு இப்போது சர்க்கரை. காலில் புண் வந்து ஆறவில்லை. இரண்டு விரலை எடுக்க வேண்டும், தள்ளிப் போட்டால் பாதத்தோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, திங்கட்கிழமை ஆபரேஷன். பாய் மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவர் மகள் எனக்கு போன் போட்டு அழுதது. "சாச்சா, நீங்க வந்து சொன்னாதான் அப்பா கேப்பாரு." போனைப் பிடுங்கிப் பாய் பேசினார்: "தோஸ்த், நீ வந்து பக்கத்துல நில்லு, கால குடுக்குறேன். நீ வரலைன்னா வெச்சிக்கோ, கட்டில உட்டு எழுந்து வூட்டுக்குப் போய்ட்டே இருப்பேன்."

மகன் எங்கள் டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றினான். சனிக்கிழமை விமானம். அதை விட்டால் அடுத்தது செவ்வாய்க்கிழமைதான்.

பாய்க்காக மகன் தன் கம்பெனியிலிருந்து ஒரு ஜோடி மெத்து ஷூ வாங்கி வைத்திருந்தான். சர்க்கரைக்காரர் காலுக்கென்றே செய்தது.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் ராகு காலம். குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்துக்கொண்டு கிளம்ப ஒன்பதரை ஆகும் என்று மகன் சொல்லிவிட்டான். என் வீட்டுக்காரிக்கு மனசு ஆறவில்லை.

"ராகு காலம் நம்ம ஊரு நேரப்படியா, இந்த ஊரு நேரப்படியா?" என்று கேட்டேன்.

"சூரியன் எங்க கீதோ அங்கத்தி நேரந்தான். இதுகூடத் தெரியாமதான் முப்பது வருசம் சம்பளம் வாங்கினியா?"

நம் பக்கத்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஆள் கிளம்புகிற நேரம் சரியில்லை என்றால், நல்ல நேரத்தில் ஒரு பையை மட்டும் முன்னால் கிளப்பி வேறொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. போகும்போது அந்தப் பையை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வெளியே போன பை திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது. பயணத்துக்கு எது முக்கியமோ அதைத்தான் அதில் வைக்க வேண்டும். அவள் ஒரு துணிப்பையில் இரண்டு பாஸ்போர்ட், பாயின் ஷூ, ஒரு எலுமிச்சம்பழம், மஞ்சள் துண்டு, கொஞ்சம் அரிசி எல்லாம் வைத்தாள். ஒன்பதுக்குக் கால் மணி முன்னால் எடுத்துக்கொண்டு போனாள். தூறல் இருந்ததால் துணிப்பையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினாள்.

கெட்டது அங்கேதான். அந்த ஊரில் வாரா வாரம் கதவில் கடிதம் போடுகிற ஓட்டை வழியாக ஒரு ரோஸ் கலர்ப் பையைப் போட்டுவிட்டுப் போவார்கள். நல்ல கெட்டியான பை. பழைய துணியைப் போட்டு வாசலில் வைத்தால் தர்மத்துக்கு வண்டி வந்து எடுத்துப் போகும் என்று மருமகள் அப்போதே சொன்னாள். இவள் "சரிம்மா" என்றாள். புதுப் பையை யார் வீணாக்குவது என்று ஒவ்வொன்றாக மடித்து மெத்தைக்கு அடியில் சேர்த்துக்கொண்டாள். அன்றைக்கு எடுத்தது அதில் ஒன்று.

"பக்கத்து வூட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டு வெச்சியா மே?" என்றேன்.

"இன்னா பாஷைல சொல்றது? முக்கா மணி நேரந்தானே. வாசப்படில வெச்சிட்டு வந்தேன். நல்ல மனுசன், தொடமாட்டாரு."

பெட்டியெல்லாம் காரில் ஏற்றிய பிறகு மகன் கை நீட்டினான். "நைனா, பாஸ்போர்ட் குடு."

"பக்கத்து வூட்ல கீது" என்றாள் அவன் அம்மா, உப்பு அடுப்படியில் இருக்கிறது என்கிற மாதிரி.

வாசப்படியில் பை இல்லை. மகன் கதவைத் தட்டினான். பெரியவர் வந்தார், பேசினார். மகன் முகம் வெளுத்துப்போனது.

"யாரோ தர்மப் பைய எடம் மாத்தி அவரு வாசல்ல வெச்சிட்டாங்கன்னு நெனச்சி, அவரு பைங்களோட சேத்து ரோட்டு ஓரத்துல வெச்சிட்டாராம். வண்டி வந்து அள்ளிக்கினு போயிடுச்சாம் நைனா. பத்து நிமிசம் ஆச்சாம்."

எனக்குப் பாஸ்போர்ட் நினைவுக்கே வரவில்லை. பாய் கட்டிலை விட்டு இறங்கி நிற்கிறதுதான் கண்ணில் தெரிந்தது.

மகன் காரை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் போனான். திரும்பிப் பார்க்கிறேன், பெரியவர் வீட்டுக்குள் போடுகிற மெத்துச் செருப்போடு வந்து தன் காரைத் திறந்து என்னைக் கூப்பிடுகிறார். ஏறினேன். தெருத் தெருவாகப் போனோம். அவர் என்னவோ கேட்டார், அவ்வளவு அவசரமா என்கிற மாதிரி. எப்படிச் சொல்வது? என் காலைத் தொட்டுக் காட்டினேன். கையைக் கத்தி மாதிரி வைத்து விரலுக்கு மேல் வெட்டிக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்கு ஊசி போடுகிற மாதிரி காட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் ஓட்டின வேகத்தில் நான் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது தெருவில் வண்டி நின்றிருந்தது. பின்கதவைத் திறந்து காட்டினான் வண்டிக்காரன். உள்ளே கூரை முட்ட ரோஸ் கலர்ப் பைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே முடிச்சு. வண்டிக்காரன் இரண்டு கையையும் விரித்தான்.

நான் ஏறினேன். மேசையில் தோல் வந்து விழுகிற மாதிரி ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன். கட்டை விரலால் அழுத்துவது, மூக்கில் வைப்பது, தள்ளுவது. அந்த ஊர்த் துணி எல்லாம் ஒரே சோப்பு வாசனை. அழுத்தினால் பொத்தென்று போகும். பெரியவர் நான் தள்ளுகிறதைக் கீழே வாங்கி அடுக்கினார். எத்தனையாவது பை என்று தெரியாது. விரலுக்கு ஷூவின் அடிப்பாகம் தட்டியது. மூக்கில் வைத்தேன். மஞ்சள், எலுமிச்சை, அதற்குக் கீழே புதுத் தோல். வண்டிக்குள் உட்கார்ந்தே விட்டேன்.

வீட்டு வாசலில் இறங்கினதும் என் வீட்டுக்காரி கத்தினாள்: "உள்ள கொண்டாராத! அப்டியே கார்ல வெய்யி!"

"பை காணாமப் போனது போதாதா மே?"

"நல்ல நேரத்துல கெளம்புன பை. அதனாலதான் கெடச்சிது."

பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. என் காலைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதற்குள் திரும்பி வந்திருந்த மகன் காதில் என்னவோ சொன்னார். இவன் அவசரத்தில் தலையை ஆட்டிவிட்டுக் காரை எடுத்துவிட்டான். பாதி தூரம் போன பிறகு கேட்டான்: "நைனா, உங்கப்பா கால எடுக்கறதுக்கு முன்னாடி ஊருக்குப் போய்ச் சேரட்டும், நான் வேண்டிக்கிறேன்னு சொன்னாரே அவரு, இன்னா சொல்லி வெச்ச?"

திரும்பிப் போய்ச் சொல்ல நேரமில்லை.

சென்னையில் இறங்கியபோது ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிவிட்டது. வீட்டுக்குப் போகவில்லை. சத்துவாச்சாரி தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னேன். பாய் கட்டிலில் செருப்பு மாட்டிய ஒரு காலும் கட்டுப் போட்ட ஒரு காலுமாகத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பத் தயாராகத்தான்.

"வாய்யா லண்டன் தொர. வழி தெரிஞ்சிதா?"

"உன் காலால ரெண்டு நாளா எனக்குத் தூக்கம் இல்ல பாய்."

"காலு என்துது, தூக்கம் போனது உனுக்கா? நல்லா கீதே கத."

ஷூவைக் கையில் கொடுத்தேன். வழக்கம் விடுமா? கட்டை விரலால் அழுத்தினார், முகர்ந்தார். "உள்ள ஆட்டுத் தோலு. நல்லாத்தான் வெச்சிருக்கான். தையல்தான் கொஞ்சம் லூசு." அப்புறம் இரண்டையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டார்.

"ஜோடியா கொண்டாந்துட்ட" என்றார். "ஒன்ன மட்டும் போட்டுக்கினு எங்க போறது? போய் டாக்டரம்மாகிட்ட சொல்லு. ஷூவு நிக்கிற அளவுக்கு உட்டுட்டு வெட்டச் சொல்லு."

திங்கட்கிழமை அவர் மகள் கையெழுத்துப் போட்டது. "இவனும் வெக்கட்டும்" என்றார் பாய். ஒருத்தர் போதும் என்றது நர்ஸ். "போதும்னா இன்னா, இவன் விரல் சும்மாதானே கீது." அந்தப் பெண் சிரித்துவிட்டு மையை நீட்டியது. அதே கட்டை விரல்.

இரண்டு விரல்தான் போனது. பாதம் நின்றது. ஷூ முனையில் பஞ்சு அடைத்துக்கொண்டு இப்போது தொழுகைக்கும் டீக்கடைக்கும் நடக்கிறார். தையல் லூசு என்று இன்னும் சொல்கிறார்.

எனக்கு ஒரு குறைதான். மகன் ஒரு வாரத்தில் இரண்டு முறை பெரியவர் கதவைத் தட்டியிருக்கிறான். ஆள் இல்லை. மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்களாம், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த மாசம் மகனும் வேலை மாறி வேறு ஊர் போய்விட்டான். அந்த மனுஷர் இன்றைக்கும் எனக்கு ஒரு கால் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் தோல் படிப்புப் படித்துவிட்டு அங்கே நிறையப் பேர் போகிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள். பூட்ஸ் செய்கிற ஊர், செங்கல் வீடுகள், காதில் மிஷின் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் துடைக்கிற பெரியவர். அவரைக் கண்டால் சொல்லச் சொல்லுங்கள்: பை வந்து சேர்ந்தது. என் கால் இரண்டும் இருக்கிறது. அவர் வண்டி ஓட்டியது என் சிநேகிதன் காலுக்கு, அதுவும் நடக்கிறது.