பொட்டாஷ் சாக்கு மூடிய கேலரி

போடி விளையாட்டு மைதானத்தின் பழைய கேலரியைப் பார்க்க என்னைக் கூப்பிட்ட அன்று, என்ஜினியர் முதலில் சொன்னதே இதுதான்: "கொத்தனாரே, வெடிச்ச எடத்துல ஒட்டுப் போட்டுப் பாருங்க. தேறலைன்னா இடிச்சிருவோம்."

பக்கத்தில் பெண்கள் கபடி அணி பயிற்சியில் இருந்தது. கேப்டன் முத்துமாரி, மேலே குரங்கணி மலைக்கிராமத்துப் பிள்ளை, மூச்சு வாங்க ஓடிவந்தாள். "அண்ணே, இத இடிச்சா மைதானத்தப் பூட்டிருவாக. நாங்க எங்கிட்டுப் போயி ஆட?"

சுத்தியலால் தட்டி, உள்ளே பொள்ளலாக டொப்பென்று சத்தம் வந்த இடத்தையெல்லாம் கொத்தினோம். கம்பியில் துருவைச் சுரண்டி, புதுக் கான்கிரீட் போட்டோம். மலையிலிருந்து இறங்கும் காற்று பொல்லாதது, ஈரத்தை உறிஞ்சிவிடும். கியூரிங், அதாவது புதுக் கான்கிரீட்டை ஈரமாகவே வைத்திருப்பது, கெட்டால் ஒட்டு வெடிக்கும். பயிற்சி முடிந்ததும் அந்தப் பிள்ளைகளே குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து படிகளை நனைத்தார்கள். யாரும் அவர்களிடம் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் வந்தால் கேலரி முழுக்கச் சாக்கு. காற்றில் காயக் கூடாதென்று, அம்மாக்கள் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்திலிருந்து வாங்கிவந்து விரித்திருந்தார்கள். ஒன்றைப் புரட்டினேன். சிவப்புத் தூள். நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. பொட்டாஷ் உரச்சாக்கு. அந்த உப்பு உள்ளே இறங்கினால் கம்பி மறுபடி துருப்பிடித்து, ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

"அடிப் பாவிகளா, நீங்களே குழி பறிச்சிட்டீகளேடி" என்று பயிற்சிக்கு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன்.

முத்துமாரியின் முகம் சுண்டிப்போனது. ஆனால் அழவில்லை. "கழுவுனாப் போகுமாண்ணே?"

"வெரசாக் கழுவுனாப் போகும்."

அன்று பயிற்சியை விட்டுவிட்டார்கள். படிபடியாக ஊற்றித் தேய்த்தார்கள். நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரித்தால் மறுபடி ஊற்றுவார்கள். ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் மூடுவதற்கு அம்மாக்களின் பழைய நூல் சேலைகளோடு வந்து நின்றார்கள். என் தொழிலில் இப்படிச் சோலி பார்த்த ஆட்களை நான் கண்டதில்லை. எனக்கு அவர்களை நினைத்தாலே பெருமைதான்.

கடைசியில் என்ஜினியர் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு படியாகத் தட்டினார். முத்துமாரி அவர் பின்னாலேயே போனாள்.

"எல்லாம் கணீர்னு இருக்கு. இடிக்க வேணாம்" என்றார். அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதெல்லாம் எந்த வேலையானாலும் மூடுகிற சாக்கில் என்ன இருந்தது என்று பார்த்த பிறகே விரிக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளே, நீங்களும் பாருங்கள்.

முதல் போட்டிக்கு முத்துமாரியின் அம்மா மலையிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணே, இது என் சேலை கெடந்த படி" என்று சொல்லி, நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.