வாயாடி கொடுத்த செருப்பு

யாராவது பாராட்டினால் அக்கா அதைக் கையில் வாங்கவே மாட்டாள். பக்கத்தில் எதன் மேலாவது தள்ளிவிடுவாள். சோறு நன்றாக இருக்கிறது என்றால், "அரிசி அப்படி" என்பாள். தம்பி பட்டம் வாங்கிய அன்று, எல்லாம் உன்னால்தான் என்று ஊரே சொன்னபோதும், "அவன் படிச்சான்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். மருந்து கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டியே அவள் இளமை போயிருந்தது. வேலை எப்படி என்று கேட்டால், "மெஷின் நல்லா ஓடுது."

அங்கேயே சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ என்றதும் தம்பி அவளை எதிரே உட்காரவைத்து, மேனேஜர் மாதிரி கேள்வி கேட்டுப் பழக்கினான். தான் போன இன்டர்வியூ எல்லாவற்றிலும் தோற்றவன் அவன். எப்படிப் பேசியிருக்க வேண்டும் என்பது மட்டும் வீட்டுக்கு வந்ததும் அத்துப்படியாகிவிடும்.

"நெருக்கடியில என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை."

"வேலையும் ஒண்ணும் கிடைக்காது. யோசிக்கா."

யோசித்துச் சொன்னாள். ஒருநாள் இருமல் மருந்து பாட்டில்களில் வேறு லேபிள் ஏறிவிட்டது. அக்காதான் பார்த்து, மெஷின் பெல்ட்டை நிறுத்தி, அத்தனையையும் உரித்து மறுபடி ஒட்டவைத்தாள். ஈ காக்கைக்குத் தெரியாது.

"இதைச் சொல்லுக்கா. மழுப்பாத. என்ன கேட்டாலும் பட்டுனு சொல்லணும், தயங்கினா கதை விடறேன்னு நினைப்பாங்க."

பக்கத்து மெஷினில் நிற்கும் சிநேகிதியை எல்லோரும் வாயாடி என்பார்கள். அவள் தன் புதுச் செருப்பைக் கழற்றிக் கொடுத்தாள். "அறுந்ததைப் போட்டுட்டுப் போய் மானத்தை வாங்காதடி. சூப்பர்வைசர் ஆனதும் முதல் திட்டு எனக்குத்தான், தெரியும்."

இன்டர்வியூவில் அக்கா மழுப்பவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் செய்ததைத் தான் செய்ததாகச் சொன்னாள். மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"லேபிளை மாத்திப் போட்டது யாரும்மா?"

பட்டென்று சொன்னாள்.

மறுநாள் வாயாடியை இனி வரவேண்டாம் என்று கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அக்காவுக்கும் அந்த சூப்பர்வைசர் வேலை இல்லை. அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்களாம்.

"நீ சொன்ன மாதிரிதான்டா பேசினேன்," என்றாள் தம்பியிடம். குற்றம் சொல்லவில்லை, சரிதானா என்று கேட்பதுபோல் சொன்னாள். அவள் இடத்தில் தான் இருந்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியிருப்போமா என்று தம்பி எண்ணிப் பார்த்தான். சொல்லியிருப்பான். இன்னும் தெளிவாகச் சொல்லியிருப்பான்.

தினமும் சாயங்காலம் செருப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு அக்கா வாயாடியின் தெருமுனை வரை போகிறாள், திரும்பி வருகிறாள். "வீடு பூட்டியிருக்குடா" என்கிறாள். காலையில் அதைக் கதவோரம் வைத்துவிட்டு, அறுந்த செருப்பில் ஊக்கைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.