அந்த ஒரு ‘ஆங்’

எங்கள் ஊரில் ‘ஆங்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. குரல் இறங்கினால் ‘சரி’. குரல் ஏறினால் ‘என்ன சொன்னே, காதுல விழல’. திருத்தணியில் பேசப் பழகும் குழந்தைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். எனக்கு ஐம்பத்தாறு வயது. எனக்குத் தெரியாதா? தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை மாடியில் ஓர் அறை. ஞாயிறுதோறும் அங்கே செஸ் ஆடுவோம். கிளப் என்று பெயர்தான் பெரிது. பத்துப் பேர், ஐந்து போர்டு, ஐந்து கிளாக், அதில் ஒன்று தட்டினால்தான் ஓடும். வருஷத்துக்கு ஒரு தடவை மாவட்ட அளவில் குழுப் போட்டி நடக்கும். ஒரு கிளப்புக்கு நாலு பேர். நாலே நாலு பேர். அந்த நாலு இடத்துக்காக நாங்கள் போட்ட சண்டையைப் பார்த்தால் எம்.எல்.ஏ. சீட்டுக்கு நிற்கிறவர்கள் வெட்கப்படுவார்கள்.

எனக்கு முன்னால் செயலாளராக இருந்தவர் தன் மச்சானைச் சேர்ப்பார், மச்சானுடைய சிநேகிதனைச் சேர்ப்பார், மிச்சமிருந்தால் நன்றாக ஆடுகிறவனைச் சேர்ப்பார். கேட்டால், “ஆட்டத்த மட்டும் பாத்தா ஆச்சாப்பா, பழக்க வழக்கமும் பாக்கணும்ல?” என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் வாயைத் திறக்க வைத்தவர் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர்.

அவர் விசைத்தறியில் லுங்கி ஓட்டுகிறவர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் மாடிக்கு வந்த முதல் நாளிலிருந்தே என்னை ‘பாவா’ என்றுதான் கூப்பிட்டார். அக்கா புருஷனைக் கூப்பிடுகிற முறை அது. “உனக்கு அக்கா கீறாங்களாப்பா?” என்று ஒருநாள் கேட்டேன். “இல்ல பாவா. இருந்திருந்தா உங்களுக்குத்தான் குடுத்திருப்போம்” என்றார். டீ எடுத்துவந்த என் மனைவி, “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல, பொண்ணு இருந்தா சொல்லுங்க, இவர நானே அனுப்பி வெக்கிறேன்” என்றாள். அறையே சிரித்தது.

தறிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்திக் கத்திப் பேசுகிறவர், போர்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. குதிரையை எடுத்து வைத்தது தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் நம் ராணி மாட்டியிருக்கும். எங்களில் அவரைத் தோற்கடித்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அதில் நான் இல்லை. அப்படிப்பட்டவரை மூன்று வருஷம் தொடர்ந்து குழுவில் சேர்க்கவில்லை. மூன்றாவது வருஷம் நான் மேசையில் அடித்தேன்.

“இவரு யாரு வூட்டு மச்சானும் இல்ல, அதான குத்தம்?”

பழைய செயலாளர் அறைச் சாவியை மேசைமேல் விட்டெறிந்தார். “அப்ப நீயே பாத்துக்க.” நான் பார்த்துக்கொண்டேன்.

விதிகளை நானே டைப் அடித்து, என் மெஷினிலேயே பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டினேன். எல்லோரும் எல்லோருடனும் ஒரு ஆட்டம் ஆட வேண்டும். முதல் நாலு இடம் யாருக்கோ அவர்கள்தான் குழு. சிபாரிசு கிடையாது. பதினைந்து நிமிஷம் தாமதமாக வந்தால் தோற்றதாகக் கணக்கு, அது யாராக இருந்தாலும். இந்தக் கடைசி விதியை அந்த மச்சானை மனதில் வைத்துத்தான் எழுதினேன். மனுஷன் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. தாளின் அடியில் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பள்ளிப்பட்டுக்காரர் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார்.

“பாவா, இந்த வருசம் வூட்ல தைரியமா சொல்லலாம்.”

சொல்லியும் விட்டார். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் பெண், “எங்க நைனா டீம்ல ஆடப் போறாரு” என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாளாம். “மானத்த வாங்கிடும் போலகீது பாவா” என்று சொல்லும்போது அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

எட்டு ஞாயிறு ஆடி முடித்தோம். கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. மூன்று இடம் முடிவாகிவிட்டது. நாலாவது இடத்துக்கு இரண்டு பேர்: அவர், நான். என்னைவிட அவர் அரைப் புள்ளி முன்னால். கடைசி ஆட்டம் எனக்கும் அவருக்கும். அவருக்கு டிரா போதும். நான் ஜெயித்தே ஆக வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக ஆடுகிறேன், நானும் ஒரு தடவைகூடக் குழுவில் போனதில்லை. பழைய செயலாளர் என்னையும்தான் சேர்க்கவில்லை. பள்ளிப்பட்டுக்காரருக்காக நான் மேசையில் அடித்தேன். எனக்காக யாரும் அடிக்கவில்லை. அந்த ஆதங்கம் உள்ளே ஒரு மூலையில் கிடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கிடந்தது.

கடைசிச் சுற்றுக்கு மறுநாள் ஆடிக்கிருத்திகை. ஞாயிறு மதியமே காவடிக் கூட்டம் வந்துவிடும். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அதனால் பத்து மணி ஆட்டத்தை எட்டு மணிக்கு மாற்றி, கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், அவரைத் தவிர. அவர் போன் டிஸ்ப்ளே உடைந்து ரிப்பேருக்குப் போயிருந்தது. சிம்மை ஒரு பழைய பட்டன் போனில் போட்டு வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் அந்த நம்பருக்கு அடித்தேன்.

எடுத்ததும் தறிச் சத்தம் காதைப் பிளந்தது.

“நான்தாம்பா. நாளைக்கு ஆட்டம் பத்து மணிக்கு இல்ல. எட்டு மணிக்கு. கேக்குதா?”

“ஆங்?”

ஏறியது. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் அது ஏறியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இன்னொரு தடவை கத்தியிருக்கலாம். அரைமணி கழித்து அவர் டீக்கு வெளியே வரும் நேரத்தில் அடித்திருக்கலாம். ஒரு மெசேஜ் தட்டியிருக்கலாம். “சரி, வெச்சுடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்லியாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்த அம்மாளைக் கவனித்தேன்.

ஞாயிறு எட்டு மணிக்குக் காய்களை அடுக்கி, அவர் பக்கத்துக் கிளாக்கை ஓடவிட்டேன். வாசலைப் பார்க்கவில்லை. எங்கள் கிளப்பில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. அவர்தான், “ஒரு போன் போட்டுப் பாரேன்யா” என்றார்.

“நேத்தே சொல்லிட்டேன் சார். ஆங்னாரு.”

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எட்டேகாலுக்குப் புள்ளித் தாளில் என் பெயருக்கு எதிரே ஒன்று போட்டேன். அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம்.

ஒன்பது நாற்பதுக்கு அவர் மாடி ஏறி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்ட நிம்மதி முகத்தில் இருந்தது. பாதி ஆட்டங்கள் முடிந்திருந்ததைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா பாவா, பத்து மணிதான?”

“எட்டுன்னு போன்ல சொன்னேனேப்பா. நீ ஆங்ன்னியே.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “தறி ஓடிகினு இருந்துச்சு பாவா. ஒண்ணும் கேக்கல. இன்னான்னு கேக்கத்தான் ஆங்ன்னேன்.”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் எழுந்தார். “அட, இதுல இன்னாய்யா கீது? இப்ப ஆடுங்க ரெண்டு பேரும்.” அந்த மச்சான்கூட, “ஆமாங்க, ஆடட்டும்” என்றார். என் கை தானாகச் சுவரைக் காட்டியது. “எல்லாரும் கையெழுத்துப் போட்டது சார். இன்னிக்கு ஒருத்தருக்கு வுட்டா, நாளைக்கு இன்னொருத்தர் வந்து நிப்பாரு.” குரல் நடுங்காமல்தான் சொன்னேன். பாவி, எப்படித்தான் சொன்னேனோ.

அவர் சுவரருகே போய் அந்த விதியை மறுபடி விரல் வைத்துப் படித்தார்.

“வுடுங்க வாத்தியாரே. ரூல் கரெக்டுதான். பாவா எனக்காகத்தான் இதெல்லாம் கொண்டாந்தாரு. நானே ஒடைச்சா நல்லாவா இருக்கும்?”

ஒரு டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம், கூட்டம் ஏறுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்றார். படியில் இறங்கும்போது, “வூட்ல இன்னா சொல்றதுன்னுதான் தெரியல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. அன்றைக்கு எல்லாமே எனக்கு நன்றாகக் கேட்டது.

மதியம் சாப்பிடும்போது மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். வழக்கமாகக் கிண்டல் பண்ணுகிறவள், அன்றைக்குப் பண்ணவில்லை.

“அந்த ஆங் ஏறிச்சா, எறங்கிச்சா?”

நான் தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை டீ எடுத்துக்கொண்டு மாடிக்கு வரவும் இல்லை.

மாவட்டப் போட்டிக்குப் போனேன். நாலாவது போர்டு. நீல டீ சர்ட் கொடுத்தார்கள், எனக்கு வயிற்றில் பிடித்தது. இரண்டு தோற்றேன், ஒன்று டிரா, ஒன்று ஜெயித்தேன். ஜெயித்தபோது எதிரே இருந்தவர் கை கொடுத்தார். முப்பது வருஷம் ஏங்கியது இதற்குத்தானா என்று இருந்தது. சாயங்கால ரயிலில் மற்ற மூன்று பேரும் ஆட்டங்களைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் டீ சர்ட்டைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளிப்பட்டுக்காரர் சண்டை போட்டிருந்தால் தேவலை. மாடிப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். டிஸ்ப்ளே மாற்றி அவர் போன் திரும்பி வந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் குரூப்பிலிருந்து வெளியேறினார் என்று ஒருநாள் காலையில் வந்து விழுந்தது. பழைய செய்திகளைப் படித்திருப்பார். எட்டு மணி ஆட்டம் என்று நான் போட்டதையும், அதற்கு எல்லோரும் கட்டைவிரல் காட்டியதையும் பார்த்திருப்பார். ஒருநாள் மனசு கேட்காமல் பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். பஸ் கிளம்பும் நேரத்தில் இறங்கிவிட்டேன். அவர் பெண் வாசலில் இருந்தால் எந்த முகத்தோடு பார்ப்பது?

இந்த வருஷம் மறுபடி குழுத் தேர்வு வந்தது. விதித் தாளைப் புதிதாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். கையெழுத்துப் போட ஒன்பது பேர்தான் இருந்தார்கள். அன்றைக்குச் சனிக்கிழமை. கடையில் ஆள் இல்லை. அவர் நம்பரை அழுத்தினேன். அதே தறிச் சத்தம்.

“சொல்லுங்க சார்.”

சார். டீ நேரம் வரைக்கும் காத்திருந்தால் தைரியம் போய்விடும் என்று, அந்தச் சத்தத்திலேயே கத்தினேன்.

“அன்னிக்கு நீ இன்னான்னு கேட்டது எனக்குக் கேட்டுச்சுப்பா. உனக்குக் காதுல விழலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போனை வெச்சேன். தப்பு என்னுது.”

தறி ஓடிக்கொண்டே இருந்தது.

“ஆங்” என்றார்.

அது ஏறியதா, இறங்கியதா, இந்தத் தடவை எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் போனை வைத்துவிட்டார்.