கண்டக்குழிக் கடலில் மிதப்புக் கட்டிய கண்ணாடி

டொல்பின் பார்க்கப் போன அன்று முழுவதும் நான் அபியிடம் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்: ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் அவளுடைய கண்ணாடி என் கைப்பையில் இருந்தது.

அபி என் அக்காவின் மகள், ஏழு வயது. போன வருடம் கடும் நிமோனியாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது நாள் செயற்கைச் சுவாசக் கருவியில் கிடந்தாள். குழாயை எடுத்த பிறகு அக்காவையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கூரையில் முகமில்லாத மீன்கள் நீந்துகின்றன என்று கத்தினாள். கையில் ஏற்றியிருந்த சேலைனைப் பிடுங்கினாள். மூளை பாதிக்கப்பட்டுவிட்டது என்று நாங்கள் அழுதோம். இது டெலிரியம், கடும் நோயில் மூளை கொஞ்ச நாள் குழம்புவது என்று டொக்டர் விளக்கினார். சின்ன வயது, சுவாசக் கருவி, மயக்க மருந்து, ஓயாத வெளிச்சத்தில் குலைந்த தூக்கம், பழகிய முகங்கள் பக்கத்தில் இல்லாதது எல்லாம் சேர்ந்து அதைக் கொண்டுவருமாம். பிறகு கேட்டார்: "பிள்ளை கண்ணாடி போடுறவவா?"

தொலைந்துவிடும் என்று நான் பத்திரப்படுத்தியதை அப்போதுதான் வெளியே எடுத்தேன். கண் தெளிவாகத் தெரியாததும் குழப்பத்தைக் கூட்டும், ஆனால் அது மட்டும் காரணமில்லை என்றார் டொக்டர். சில நாட்களில் தெளிந்துவிட்டாள். ஆனால் அதன்பிறகு தூக்கத்திலும் கண்ணாடியைக் கழற்றுவதில்லை. "உண்மையா முகம் இருக்கிற மீனைக் காட்டுங்கோ, சின்னம்மா" என்று அவள் கேட்டதால்தான் இந்தப் பயணம். டொல்பின் மீனில்லை என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

பெப்ரவரி மாதச் சனிக்கிழமை. காலை ஐந்து பத்துக்கு அக்கா, அபி, நான் மூவரும் புத்தளத்தில் இருந்து வான் வண்டியில் புறப்பட்டோம். பாலாவிச் சந்தியில் திரும்பியதும் உப்பளங்கள், பிறகு வானம் வெளுக்க வெளுக்கக் காற்றாலைகள். அபி அவற்றை எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறே காலுக்குக் கல்பிட்டிக்குப் பக்கத்தில் கண்டக்குழிக் கரை. படகுக்கு முன்கூட்டியே பேசியிருந்த கூலி பதினையாயிரம் ரூபாய்; மூவருக்கும் உயிர்காப்பு அங்கி உண்டு.

படகோட்டி பாரூக் நானா ஏறும்போதே கையை நீட்டினார். "கண்ணாடி, தொப்பி எல்லாத்தையும் கழட்டித் தாங்க. போன கிழமையும் ஒரு வெள்ளைக்காரர்ட கண்ணாடியக் கடல் வாங்கிட்டு."

அபி இரண்டு கைகளாலும் கண்ணாடியைப் பொத்தினாள். "கழட்ட மாட்டன். கழட்டினா முகமில்லாத மீன் வரும்."

அக்கா தலையைக் குனிந்தா. இப்படியே திரும்பிவிடுவோமோ என்று எனக்குப் பயம்.

பாரூக் நானா சிரிக்கவில்லை. "முகமில்லாத மீனா? அத ஆரு மகள் வாங்குவாங்க? கல்பிட்டிச் சந்தையில ஒரு சதமும் தரமாட்டாங்க."

"அது விக்கிற மீன் இல்ல."

"அப்ப சரி. கழட்ட வேணாம்." வலையில் இருந்து தங்கூசி என்ற நைலோன் கயிற்றை வெட்டி, கண்ணாடியின் இரு காம்புகளிலும் முடிந்து அவள் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டினார். நடுவில் வலை மிதப்பு ஒன்று. "நாங்க கத்திக்கும் இப்பிடித்தான் கட்டுற. விழுந்தாலும் தாழாது."

நாற்பது நிமிடம் வெறும் கடல். பிறகு தண்ணீர் கொதித்தது! பத்து, இருபது டொல்பின்கள், எண்ண முடியவில்லை. ஒன்று எங்கள் படகின் அருகிலேயே எம்பி, பம்பரம் போலச் சுழன்று விழுந்தது. எங்கள் மூவர் மீதும் உப்புத் தண்ணீர்.

"முகம் இருக்கு! சின்னம்மா, மூக்கும் இருக்கு!"

"சிரிக்குது பாருங்க, மகள்!" பாரூக் நானாவும் கத்தினார். நானும் கத்தினேன், என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

திரும்பும்போது அபி கேட்டாள்: "ஆஸ்பத்திரியில என்ட கண்ணாடிய ஆர் எடுத்தது?" நான் இஞ்சின் சத்தத்தில் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி, காலை ஏழு மணிக்குள் கரையை விடுங்கள், கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளை இருப்பவர்களுக்கு: கண்ணாடி, காது கேட்கும் கருவி, தூங்கும்போது பிடிக்கும் பொம்மை எதையும் வீட்டிலோ பையிலோ பத்திரப்படுத்தாதீர்கள். எப்போது கொடுக்கலாம் என்று தாதியிடம் கேளுங்கள். பிள்ளை திடீரென்று வேறொருவர் போல நடந்துகொண்டால் உடனே சொல்லுங்கள்.

அடுத்த புதன்கிழமை அபியிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னுடன் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், பாரூக் நானா போட்ட முடிச்சு தளர்ந்துவிட்டது, இறுக்கித் தாங்கோ என்று கண்ணாடியைக் கழற்றி என் கையில் தந்தாள்.