கட்டியில் ஏறாத பழுப்பு

சதையைச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றுவதுதான் என் பிழைப்பு. ஈப்போவில் என்றில்லை, எந்த ஊர் லேப்பில் குனிந்து முதுகு போனவர்களுக்கும் நான் படும் பாடு புரியும்.

சாயத்துக்கு விழுந்த திட்டு

தெலுக் இந்தானில் லோரி ஓட்டும் மணியம் அண்ணனின் கன்னத்துக் கட்டி வந்தது. எண்ணெய்ச் சுரப்பியில் கிளம்பும் அபூர்வத் தோல் புற்று. செல் பிரியும்போது டிஎன்ஏவைப் பிரதி எடுக்கும். அதில் விழும் பிழைகளைத் திருத்தச் சில புரதங்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் பிழைமேல் பிழை சேர்ந்து புற்று வளரும். அவை இருந்தால் கண்ணாடியில் சாயம் பழுப்பாக ஏறும், இல்லாவிட்டால் நீலம்தான்.

அண்ணனின் கட்டியில் ஏறவில்லை. சாயம் கெட்டுவிட்டதென்று திட்டிக்கொண்டே மறுபடி போட்டேன். பக்கத்து நல்ல செல்களெல்லாம் பழுப்பு, கட்டி மட்டும் நீலம். எங்கள் லேப் டாக்டர் சரோஜா பார்த்தார்.

"சாயத்தத் திட்டாத லா, அது ஒழுங்காத்தான் இருக்கு. இது பரம்பரையா இருக்கலாம், குடும்பத்தக் கூப்பிடணும்."

எல்லாருக்கும் வயிற்று வலி

ரத்தப் பரிசோதனையும் பரம்பரைதான் என்றது. இந்தப் பிழை குடலிலும் புற்று வைக்கும். கிளினிக் டாக்டருக்குத் தமிழ் வராது. பேச என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லவே இல்லை என்றார் அண்ணன். அப்பா எப்படிப் போனார்? வயிற்று வலி. சித்தப்பா? அதே வயிற்று வலி. பெண் கொடுக்க, எடுக்க ஆள் வராதென்று அந்த நோயின் பெயரையே வீட்டில் சொல்வதில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லகாட்டில் அவர் தங்கை சாந்தி இருக்கிறாள், அவள் மகளுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது.

"தங்கச்சிகிட்ட மட்டும் வேணாம்மா. கல்யாணம் முடியட்டும்."

ஆறாவது போன்

அவர் சம்மதிக்காமல் நாங்கள் சாந்தியிடம் வாய் திறக்கக் கூடாது. ஆகவே அவரையே பிடித்தேன். வாரம் தவறாமல் போன். மழை என்பார், லோரி டயர் என்பார். நான் விடுவதாக இல்லை. ஆறாவது வாரம், கல்யாணத்தன்று பெண்ணுக்கு அம்மா இருக்க வேண்டாமா என்று நேராகவே கேட்டேன். அண்ணன் அழுதுவிட்டார்.

மறுநாளே தங்கையைக் கூட்டிவந்தார். அவளுக்கும் அதே பரம்பரைப் பிழை. குடலில் ஒரு சின்ன வளர்ச்சி, இன்னும் புற்றாகவில்லை, எடுத்துவிட்டார்கள். அடுத்த தடவை வந்த சாந்தி, உட்காரக்கூட இல்லை.

"மக வெளிய இருக்கா, அவளுக்கும் ரத்தம் எடுங்க அக்கா. மாப்ளதான் வேலைக்குப் போகாம சுத்தி எடுத்துக் கூட்டிட்டு வந்திருக்காரு."

சதைக்குள் ஒளிந்திருப்பதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுகிறோம், வீட்டுக்குள் ஒளித்துவைத்ததற்குத்தான் ஆறு வாரம் போன் அடிக்க வேண்டியிருக்கிறது.