ஒரே வரியில் விழுந்த வீரன்

அதியமான்கோட்டையில் தனியாக வசிக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான். அவன் போனில் கூப்பிட்டால்தான் வீட்டில் பேச்சுச் சத்தம். மற்ற நேரமெல்லாம் நூலகத்துச் சரித்திர நாவல்கள்தான் துணை.

போன மாதம் ஒரு மதியம், பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு நாவலைப் பிரித்தேன். கோட்டை முற்றுகை நடக்கிறது. முதல் ஏணியில் ஏறிய வீரன் அம்பு பட்டு விழுகிறான். அவனுக்கு ஒரே வரிதான், பெயர்கூட இல்லை. படை அவனைத் தாண்டிப் போய்விட்டது. என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. மகன் முகமே கண்ணில் நின்றது. வெகுநேரம் அழுதேன்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழுந்தபோது, பக்கத்து வீட்டு மஞ்சுளா ஜன்னலருகே நின்று அலறினாள்.

“அக்கா, சுவிட்சப் போடாதீங்க! உங்க வூட்ல இருந்து கேஸ் வாசம் வருதுங்க!”

பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அழுது மூக்கடைத்திருந்த எனக்கு வாசமே தெரியவில்லை. மஞ்சுளா ஓடிவந்து சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலெல்லாம் திறந்துவிட்டாள். என்னை வெளியே உட்காரவைத்து விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“அந்தப் பையனுக்கு அம்மா இருந்தாங்களாக்கா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் எழுதலம்மா.”

இப்போது சிலிண்டரை மூடாமல் புத்தகத்தைத் தொடுவதில்லை. போர் வரும் பக்கங்களை மஞ்சுளா வீட்டில் உட்கார்ந்து, அவளுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிக்கிறேன்.